பஸ்ஸைத் தாங்கிய இரும்பு

கெட்டி என்கிற சொல்லை எனக்கு இன்றுவரை நம்பத் தோன்றுவதில்லை. தயிர் கெட்டி என்கிறோம். சுவர் கெட்டி என்கிறோம். நகைக்கடைக்காரர் வளையலைத் தட்டிக் காட்டி, குழல் இல்லை, கெட்டி என்கிறார். தாலி ஏறும்போது கெட்டி மேளம். நன்றாகப் படிக்கிற பெண் கெட்டிக்காரி. சாதத்துக்கும் சாம்பாருக்கும் தனித்தனிக் கரண்டி வைத்திருக்கிற நாம், இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

என் கணவர் அந்த ஒரு சொல்லை நாலாகப் பிரிக்கப் பார்த்தவர். அறுபதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரும்புக்கடை வைத்திருந்த பாய் ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் பாயும் அவர் மனைவியும் பிள்ளைகளும். அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் கணவர் சாலை போடுகிற வேலையில் ஓவர்சீயர். அப்போது வேங்கிக்கால் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் சைக்கிளில் போனால் சாயங்காலம் முழங்கால்வரை செம்மண்ணோடு வருவார். வந்து குளித்துவிட்டு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருவார்.

கல்லூரிக்குப் போகாமலே இன்ஜினியர் ஆகிற பரீட்சை ஒன்று இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் படித்து எழுதலாம். மற்ற பாடங்களை எல்லாம் ஒருவழியாகத் தாண்டிவிட்டார். ஒன்று மட்டும் அவரைத் திருப்பித் திருப்பி விழத் தட்டியது. எந்தப் பொருள் எவ்வளவு தாங்கும், எப்போது நீளும், எப்போது வளையும், எப்போது உடையும் என்பதுதான் அந்தப் பாடம். இரும்பு, பித்தளை, மரம், செங்கல், சிமெண்டு எல்லாவற்றின் குணத்தையும் அதில் எழுதி வைத்திருந்தார்கள். மனிதர்களின் குணத்துக்கே புத்தகம் இல்லாத ஊரில் செங்கல்லின் குணத்துக்கு இவ்வளவு பெரிய புத்தகமா என்று நான் கேட்டிருக்கிறேன்.

நான் பத்தாவது முடித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது. அதனால் கேள்வி கேட்கும் வேலை எனக்கு வந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டே கேள்வியை வாசிப்பேன், அவர் பதில் சொல்லுவார். பதில் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாததால் எங்களுக்குள் சண்டை வரவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இந்த ஹார்ட், ஸ்ட்ராங், டஃப், ஸ்டிஃப்னு நாலு வருதே, எல்லாம் ஒண்ணுதானே?"

"நாலும் வேற வேற. கீறினா கோடு விழாதது ஒண்ணு. இழுத்தா அறாதது ஒண்ணு. அமுக்கினா வளையாதது ஒண்ணு. பட்டுனு அடி விழுந்தா உடையாம வாங்கிக்கிறது ஒண்ணு."

"தமிழ்ல சொல்லுங்க. மொதலாவதுக்கு இன்னா பேரு?"

"கெட்டி."

"ரெண்டாவது?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் கெட்டிதான். ஆனா அது வேற கெட்டி."

மூன்றாவதும் நாலாவதும் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கண்ணாடியை எடுத்துக்கோ, கீறல் விழாது, ஆனால் கீழே போட்டால் போச்சு என்றார். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மேல் அவர் கைபட்டே போனதால் அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, அந்த வீட்டில் நாங்கள் அதிகம் சிரித்ததில்லை. எங்களுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அவர்தான் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் புடவை மாற்றிக்கொண்டு பின்னால் ஓடி ஆஸ்பத்திரித் தெருவை எட்டியபோது அவர் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார். அன்று நான் அழவில்லை. ஏன் அழவில்லை என்று எனக்கே தெரியவில்லை. வந்திருந்த பெண்கள் அவளுக்கு மனசு கெட்டி என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதைப் பாராட்டாகச் சொன்னார்களா வசையாகச் சொன்னார்களா என்றும் தெரியவில்லை.

அடுத்ததாகப் பையன் பிறந்தான். இவன் நிலைக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஓர் ஆசையும் அப்போது கிடையாது. என் அம்மா வீட்டில் குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்தார்கள். தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையை அப்படிச் செய்தால் எமன் கண்ணில் படாது என்பார்கள். இதெல்லாம் என்ன என்று கேட்கிற மனிதர்தான் என் கணவர். அன்றைக்கு அவர், குப்பையில் கண்ணாடித் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் மாதம் நான் குழந்தையோடு திருவண்ணாமலைக்குத் திரும்பினேன். உள்ளே நுழைந்ததும் அவர் உத்திரத்தைக் காட்டினார். தொட்டில் கட்டுகிற பழைய கொக்கி அங்கே இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக, என் கட்டைவிரலைவிடத் தடித்த புதுக் கொக்கி ஒன்று இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் புடவையில் கட்டுகிற தொட்டிலை ஏணை என்போம். உத்திரத்தில் ஒரு கொக்கி இருந்தால் அதில் கயிறு, கயிற்றில் புடவை, புடவைக்குள் குழந்தை. அந்தப் பழைய கொக்கியில்தான் பாய் வீட்டுப் பிள்ளைகள் அத்தனையும் வளர்ந்தன. என் கணவர் ஆணியால் அதைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார். துரு உதிர்ந்திருக்கிறது. பாதி இரும்பைத் துரு தின்றுவிட்டது, இதில் என் பிள்ளையைப் போடமாட்டேன் என்று கழற்றி எறிந்துவிட்டார்.

அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள். "எங்க பசங்க எல்லாம் அதுலதாம்மா தூங்குச்சுங்க. உங்க வூட்டுக்காருக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. நான் ஒண்ணும் சொல்லல, அவரு கஷ்டம் அவருக்கு."

புதுக் கொக்கிக்கு இரும்பு கொடுத்தவர் பாய். பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய கமான்பட்டை ஒன்று கடையில் கிடந்ததாம். சக்கரத்துக்கு மேல் வில்லைப் போல வளைந்து, பஸ்ஸின் பாரத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளுமே, அந்தப் பட்டை. அதை எடுத்துக் கொடுத்து, "பஸ்ஸையே தாங்கின இரும்பு சார். ஒரு கொழந்த இன்னா கனம் இருக்கப் போவுது?" என்றாராம். என் கணவருக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த கொல்லுப் பட்டறைக்குப் போய், பக்கத்திலேயே நின்று கொக்கி அடித்து வாங்கிக்கொண்டு வந்தார். கிரிவலம் வருகிறவர்கள் எல்லாம் போகிற வழியில் ஓர் ஆள் உலைக்கு முன்னால் ஓவர்சீயர் உடுப்போடு அரைநாள் நின்றதை ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

"இப்ப பாரு" என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஸ்டூலில் ஏறினார். கொக்கியில் கயிற்றைப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். கால் தரையில் படவில்லை. முகம் சிவந்துபோயிற்று. கொக்கி அசையவில்லை. குழந்தை என் இடுப்பில் இருந்துகொண்டு அப்பாவை அண்ணாந்து பார்த்தது. இவ்வளவு பெரிய ஆள் தொங்குவதை அது அதுவரை பார்த்ததில்லை. நானும்தான்.

இறங்கியவர் அதோடு விட்டிருக்கலாம். "இது நிக்கிற பாரம். ஆடுற பாரம் வேற. ஒரு சாக்குல மணல் கட்டி ஏணையில போட்டு ரெண்டு மூணு நாள் ஆட்டிப் பாத்துடலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வெறும் ஏணையை ஆட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். ஆட்டினால் அதில் படுக்கிற குழந்தைக்கு வயிற்றுவலி வரும், சிலர் அதைவிடக் கெட்டதும் சொல்வார்கள். அவர் கேட்டதோ அதற்கும் மேலே. பிள்ளை படுக்கிற இடத்தில் மண்ணைப் போடுகிறேன் என்கிறார். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் நான்.

"மண்ண ஏணையில போடுவீங்களா? எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?"

"மணல்னா மணல்தாம்மா. கனத்துக்குத்தானே."

"கனத்துக்கு அரிசி மூட்டைய தொங்க விடுங்க. ஆட்டாதீங்க."

அக்காவும் வந்து என் பக்கம் நின்றாள். மதம் வேறானாலும் ஏணை விஷயத்தில் எங்களுக்குள் வித்தியாசம் இல்லை. ஆனால் அவளுக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே மூட்டை இருந்தால் அது வெறும் ஏணையா, வெறும் ஏணை இல்லையா? மூன்று பேரும் அதைக் கொஞ்ச நேரம் பேசினோம். முடிவு ஒன்றும் வரவில்லை. கடைசியில் அரிசி மூட்டை ஒரு நாள் முழுக்க அசையாமல் தொங்கியது. கொக்கி அசையவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, அரிசிக்கு எலித் தொல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் நல்ல வேளை பார்த்துக் குழந்தையைப் போட்டோம்.

குழந்தை அதில் நன்றாகத் தூங்கினான். பால் குடித்ததும் போடுவேன். கால் கட்டைவிரலில் கயிற்றை மாட்டி இழுத்துக்கொண்டே என் வேலையைப் பார்ப்பேன். நான் கொஞ்சம் வேகமாகவே ஆட்டுகிறவள். மெதுவாக ஆட்டினால் அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பான், அப்புறம் மறுபடி முதலிலிருந்து தாலாட்டு. அவன் தூங்கும்போதெல்லாம் என் கணவர் போகிறபோதும் வருகிறபோதும் ஏணைக்குள் கையை விட்டு மூக்கில் விரலை வைத்து மூச்சு பார்ப்பார். அதில் பாதி முறை குழந்தை விழித்துவிடும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் விரலை எடுத்த பிறகு நானும் ஒரு முறை வைத்துப் பார்ப்பேன்.

அன்று அவருக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசல்படி வெளிச்சத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் ஏணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலால் ஆட்டிக்கொண்டே மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். குழந்தை பாதித் தூக்கத்தில் இருந்தான். பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு உடைகிற மாதிரி மேலே ஒரு சத்தம். அவ்வளவுதான். வளையவில்லை, முனகவில்லை, முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. என் காலில் மாட்டியிருந்த கயிறு தொய்ந்தது. புடவையும் கயிறும் குழந்தையுமாகத் தரையில் கிடந்தன.

ஏணை முழங்கால் உயரத்தில்தான் தொங்கியது. ஆனால் ஆடுகிற வேகத்தில் போய் விழுந்தான். நான் மொச்சையை எப்படி உதறினேன், எப்படிப் போய் எடுத்தேன் என்று தெரியாது. புடவையை விலக்கியபோது கண் திறந்திருந்தது. அழவில்லை. என் கையில் அவன் சும்மா இருந்தான். கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருந்தான்.

"ஏங்க" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். எங்களைத் தாண்டிப் போனார். தரையில் கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்து, அதில் மாட்டியிருந்த கொக்கியின் துண்டைக் கழற்றி, அதை எடுத்துக்கொண்டு மறுபடி வாசல் வெளிச்சத்துக்குப் போனார். எங்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இன்னொரு முறை ஏங்க என்றேன். அவர் திரும்பவில்லை.

என் குரல் கேட்டு அக்காதான் ஓடிவந்தாள். குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்து முதுகில் தட்டி, முகத்தில் தண்ணீரைத் தெளித்து, காதில் ஊதினாள். அவன் ஒரு முறை விக்கினான். அப்புறம் தேரடிவரை கேட்கிற மாதிரி அழுதான்.  ஆஸ்பத்திரிக்கு அக்காவும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவர் பின்னால் வந்தார். டாக்டர் குழந்தையைப் பிரட்டிப் பார்த்தார், விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்தார், தலையின் பின்பக்கம் லேசாக வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை, பால் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்று முதல் நான் அவரோடு பேசவில்லை. சோறு போடுவேன், தண்ணீர் வைப்பேன், பேசமாட்டேன். பிள்ளை பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும்போது இரும்பை எடுத்துப் பார்க்கிற அப்பனை எந்த ஊரில் கண்டது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. படிப்பு படிப்பு என்று இந்த மனிதனுக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்த அடுத்த நிமிஷமே, குப்பைமேட்டில் கண்ணாடி பொறுக்கியவரும் இவர்தானே என்று தோன்றும். எதை எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை.

நான் பேசாவிட்டாலும் அவர் பேசினார். சுவரைப் பார்த்துப் பேசுவது மாதிரி, காரணம் காரணமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் பட்டறைக்காரர்மேல் பழி சொன்னார். அடுத்த நாள் மார்கழிக் குளிரில் இரும்பு நொறுங்கும் குணம் பெறுமாம் என்றார். திருவண்ணாமலைக் குளிருக்கு இரும்பு நொறுங்குவதானால் தேர்ச் சக்கரத்துப் பட்டையெல்லாம் எப்போதோ நொறுங்கியிருக்குமே என்று கேட்க நாக்கு துடித்தது. பேசாமல் இருக்கிறேனே, எப்படிக் கேட்பது? இன்னொரு நாள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு, இரும்புக்கும் களைப்பு உண்டு என்றார். பெரிய பாரத்தை ஒரு முறை தாங்கிவிடுமாம். சின்னப் பாரம் திரும்பத் திரும்ப வந்தால் களைத்து ஒரு நாள் விட்டுவிடுமாம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ராத்திரி பகல்னு பால் குடுத்து, துணி தோச்சு, ஆட்டி ஆட்டி நான் களைக்கல. மேல சும்மா தொங்கிட்டிருந்த இரும்பு களைச்சுப் போச்சா?"

அவர், நான் பேசியதே போதும் என்பது போல ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபம் குறையவும் இல்லை.

மறுநாள் பட்டறைக்குப் போகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எனக்கும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் என் வயது ஆள்தான், உலைக்கு முன்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் இரண்டு துண்டையும் அவர் முன்னால் வைத்தார். உடைந்த இடம் கற்கண்டை உடைத்த மாதிரி வெள்ளையாக மினுமினுத்தது. ஓர் ஓரம் மட்டும் நகக்கண் அளவுக்குக் கறுத்திருந்தது.

"எப்படி சார் ஒடஞ்சுது?" என்று அவர் எங்களைக் கேட்டார்.

"அதத்தான் நான் கேக்க வந்தேன். அன்னிக்கு இன்னா பண்ணீங்க?"

"நீங்கதான் பக்கத்துல நின்னீங்களே. நல்லா கெட்டியா இருக்கணும், கொழந்த விஷயம்னு சொன்னீங்க. கல்லு வெட்டுற உளிக்கு எப்படித் தண்ணி காட்டுவேனோ அப்படிக் காட்டுனேன். உளிக்கு முனை மட்டும்தான் முக்குவேன், இதுக்கு முழுசா முக்குனேன். உங்களுக்காகத்தான் சார்."

என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் கேட்டது ஒடையாத கெட்டி."

"கெட்டியா இருந்தா எப்படி சார் ஒடையும்?"

"கெட்டியா இருந்ததாலதான் ஒடஞ்சுது."

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். இவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எனக்கும் அதே சந்தேகம்தான். பழுக்கக் காய்ச்சி முழுசாகத் தண்ணீரில் போட்டபோதே அந்தக் கறுத்த ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும், ஆட்ட ஆட்ட அது உள்ளே போயிருக்கும் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அவர் மெதுவாகச் சொன்னார், தமிழில்தான் சொன்னார். பட்டறைக்காரர் துண்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுருக்கும் சார். அழகான கொழந்த" என்றார். மெத்தப் படித்தவர்கள் எழுதிய புத்தகமும் அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறதோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஆள் தொங்கியபோது உடையாதது, மூட்டை தொங்கியபோது உடையாதது, கைக்குழந்தைக்கு உடைந்தது. இதற்குக் கண் என்பதைவிடச் சுலபமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் மெல்ல ஒன்று சொன்னார். மணலைப் போட்டு ஆட்டிப் பார்த்திருந்தால் அந்த இரண்டு மூன்று நாளில் மணல் மூட்டையோடு கொக்கி உடைந்து விழுந்திருக்கலாம் என்று. நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அதற்காக நான் செய்தது தப்பு என்று அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிள்ளை படுக்கிற இடத்தில் மண்ணைப் போடச் சம்மதிக்கிற தாய் எவளாவது இருந்தால் அவளோடு அவர் குடித்தனம் நடத்தியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது பொய்யென்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று தெரியாமல் வீடுவரை நடந்தேன்.

ஏணை அதோடு போயிற்று. குழந்தை பாயில்தான் தூங்கினான், தவழ்ந்தான், வாசல்படியில் தலையை முட்டிக்கொண்டான், நின்றான். பரீட்சை வந்தது. மெட்ராஸுக்குப் போய் எழுதிவிட்டு சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்குள் நாங்கள் பழையபடி பேச ஆரம்பித்திருந்தோம். பிள்ளை இருக்கிற வீட்டில் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? ஆனால் அந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேள்வித்தாளை வாங்கி வழக்கம்போல் எழுத்துக்கூட்டி வாசித்தேன். நடுவில் ஒரு கேள்வியில் எனக்குத் தெரிந்த சொற்களாக இருந்தன. ஹார்ட் என்றும் டஃப் என்றும் இருந்தது. உடைவது பற்றியும் இருந்தது.

"இது நம்ம கொக்கி கேள்விதானே?"

"ஆமா."

"நல்லா எழுதுனீங்களா?"

"எழுதல. விட்டுட்டேன்."

 மற்ற எல்லாவற்றையும்விட இந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பதில் இதுவாகத்தான் இருக்கும். வீட்டில் சுவருக்கெல்லாம் சொல்லியாயிற்று, பட்டறைக்காரருக்குச் சொல்லியாயிற்று.

"ஏன்?"

"பேனாவ எடுத்தேன். அந்தத் துண்டுதான் கண்ணுக்கு முன்னாடி நிக்குது. மேல போகல."

குழந்தை அப்போது அவருடைய செருப்பை இழுத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். நான் கேள்வித்தாளைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

"நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். பிள்ள என் கையில அசையாம கெடக்குது. நீங்க எங்களத் தாண்டிப் போய் இரும்ப எடுத்துப் பாத்தீங்க. எப்படிங்க முடிஞ்சுது உங்களால?"

அவர் சட்டையைக் கழற்றப் போனவர் கழற்றாமல் நின்றார். 

"மொதல் கொழந்தய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேனே. பாதி வழியில துண்ட வெலக்கிப் பாத்தேன். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. சும்மா என்னப் பாத்துட்டிருக்குனு நெனச்சு, ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே போனேன்."

 குழந்தை செருப்பைக் கொண்டுவந்து அவர் காலில் போட்டான்.

"அன்னிக்கு உன் கையில இவனும் கண்ணத் தெறந்துட்டு இருந்தான். நான் வர்றப்பவே பாத்துட்டேன். இன்னொரு தடவ கிட்டப் போய்ப் பாக்க எனக்கு தைரியம் இல்லம்மா. கையில எதையாவது எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். அது இரும்பா இருந்துச்சு."